தறிக்குழியில் ஒளித்த பொம்மைகள்

எல்லாப் பொம்மைகளையும் பரப்பிவிட்டால் என் மூன்று வயது மகள் எதிலும் நிலைக்க மாட்டாள். அதனால் பாதியை ஒளித்து வைத்து, வாரா வாரம் மாற்றிக் கொடுத்தேன். பழைய பொம்மைக்கே அவள் குதிப்பதைப் பார்த்து எனக்கு ஏகப் பெருமை.

ஒளித்த இடம்தான் தப்பு. என் கணவர் பட்டு நெய்யும் தறிக்குக் கீழே, அவர் காலை விட்டு மிதிக்கும் குழி. தறிப் பக்கம் போக அவளுக்குப் பயம் என்ற தைரியத்தில், பொம்மைப் பையை அதன் மூலையில் தள்ளிவிடுவேன்.

அன்று அவர் டீ குடிக்கப் போயிருந்தார். குழம்பைத் தாளித்துவிட்டுத் திரும்பினால் குழந்தையைக் காணோம். கட்டிலுக்கடியில் இல்லை. தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தேன், அங்கும் இல்லை. தெருக்கோடி வரை ஓடினேன். திரும்பி வந்தால், அவர் தறியில் உட்கார்ந்து காலை இறக்குகிறார்.

"இன்னாமா இது, காலுல முடி படுது!"

குனிந்து பார்த்தால், குழிக்குள் மகள் மிதிகட்டைக்கு அடியில் கையை விட்டுப் பையை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு மிதி விழுந்திருந்தால் அந்த விரல்கள்?

"அம்மாகிட்ட சொல்லாதப்பா, ஒளிஞ்சிக்கினு இருக்கேன்" என்றாள்.

இப்போது பை பரணில் இருக்கிறது. எதை மேலே ஏற்றுவது, எதை இறக்குவது என்று அவளைக் கேட்டுத்தான் மாற்றுகிறேன். தறியில் உட்காருமுன் அவர், "பாப்பா, எங்கமா கீற?" என்று கூப்பிடுகிறார். "இங்க கீறேம்பா" என்று பதில் வரும்வரை, அடுப்படியில் என் கரண்டி நகர்வதில்லை.