ஆணியில் தொங்கிய சட்டை

வரமாம் வரம். யாருக்கு வேண்டும் இந்த வரம்? ஒருவர் உடுத்திய துணியைக் கையில் எடுத்தால், அவர் உயிரோடு இருந்தால் வெதுவெதுப்பாக இருக்கும். போய்ச் சேர்ந்திருந்தால், சித்திரை வெயிலில் காய்ந்த துணியும் சில்லென்று இருக்கும். சின்ன வயதிலிருந்தே எனக்கு அப்படித்தான். பழைய துணி விற்கிறவன் தெருவுக்குள் வந்தால் கதவைச் சாத்திவிடுவேன்.

ரங்கூனில் குண்டு விழுந்து, அங்கே பிழைக்கப் போன ஆண்களின் கடிதங்கள் நின்றுபோன பிறகு, விஷயம் எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது. கோரிப்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில், பரவையிலிருந்தெல்லாம் பெண்கள் புருஷனின் வேட்டியையும் துண்டையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார்கள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். ஒருத்தி என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். சில்லென்று இருந்தால் அதை என் வாயால்தான் சொல்லியாக வேண்டும். எத்தனை பேர் தாலியை நான் அறுப்பது? "எமன் வீட்டுத் தபால்காரியா நான்?" என்று எரிந்து விழுவேன். அப்புறம் சாப்பிடாமல் அழுதுகொண்டே படுத்துவிடுவேன்.

அடுத்த சந்தில் தொப்பி தைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் கணவனின் சட்டையோடு வந்தாள். என்னைவிடச் சின்னவள். இடுப்பில் ஒரு பெண் பிள்ளை, கையில் ஒன்று. சட்டை சில்லென்று இருந்தது. நான், "வெதுவெதுன்னு இருக்கு தாயி, கவலப்படாத" என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

நாலு வருடம் ஓடிவிட்டது. சண்டையும் முடிந்தது. காத்திருந்தது போதும், புருஷன் செத்தவளாகத் துக்கம் காத்து இத்தா இருந்துவிடு என்று ஜமாத்துப் பெரியவர்கள் அவளிடம் சொன்னார்கள். அதற்குப் பிறகு, வாடிப்பட்டியில் மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர் பிள்ளைகளோடு அவளைக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தார். மனைவியை இழந்தவர், நல்ல மனுஷன். அவளோ, "அக்கா தொட்டுப் பாத்துச் சொல்லிட்டாக, அவுக இருக்காக" என்று ஒரே பிடியாக மறுத்தாளாம். பிள்ளைகள் இரண்டும் எலும்பும் தோலுமாக இருந்தன. கேள்விப்பட்ட அன்றே அவள் வீட்டுக்குக் கிளம்பினேன்.

போய்ச் சொன்னேன். "அன்னைக்கே சில்லுன்னுதான் தாயி இருந்துச்சு. புள்ளைகளப் பாத்ததும் எனக்கு வாய் வரல."

தைத்துக்கொண்டிருந்த தொப்பியைக் கீழே வைத்தாள். "நாலு வருசமாக்கா?" என்றாள். நாலு அறை அறைந்திருந்தால் தேவலை.

மறுநாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள். அன்று மத்தியானம் கழுத்தில் கிடந்த கருகமணித் தாலியைக் கழற்றிவிட்டு, நாலு மாதம் பத்து நாள் வெளியே தலை காட்டாமல் இத்தா இருக்கப்போகிறாள். அதற்கு முன் ஒரு தரம் வந்தாள். ஆணியில் என் வீட்டுக்காரரின் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவரும் ரங்கூனுக்குப் போனவர்தான். அவரிடமிருந்தும் ஒரு வரி வரவில்லை.

"இதத் தொட்டுப் பாத்தீகளாக்கா?"

"இல்ல."

"இம்புட்டு நாளாவா?"

"தூசி தட்டக்கூட நாத்தனாரத்தான் விடுறேன். எனக்குத் தெம்பு இல்ல தாயி."

அவள் எட்டிச் சட்டையை எடுத்தாள். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் முன்னால் நீட்டுவாள் என்று நினைத்தேன். நீட்டியிருந்தாலும் நியாயம்தான். அவள் அதைத் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பழையபடி ஆணியில் மாட்டினாள்.

"வெதுவெதுன்னு இருக்குக்கா. கவலப்படாதீக" என்றாள்.

அவளுக்கு அந்த வரம் கிடையாது. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு நான் வயிறாரச் சாப்பிட்டேன்.