முன் சக்கரங்கள் லேசானபோது

எங்கள் வண்டிக்குப் பத்துச் சக்கரங்கள். முன்னால் இரண்டு, பின்னால் ஜோடி ஜோடியாக எட்டு. ஒரகடம் சுற்றுவட்டாரத்தில் பழுதாகி நின்றுவிடும் லாரிகளையும் டிரெய்லர்களையும் இழுத்துக்கொண்டு போய் ஒர்க்‌ஷாப்பில் விடுவதுதான் அதன் வேலை. ரெக்கவரி வண்டி என்பார்கள். பின்பக்கம் தடித்த இரும்புக் கை ஒன்று உண்டு. நின்றுபோன லாரியின் முன் அச்சுக்கு அடியில் அந்தக் கையைக் கொடுத்து, ஹைட்ராலிக்கில் மேலே தூக்கி, லாரியின் முன் சக்கரங்கள் தரையில் படாதபடி இழுத்துச் செல்ல வேண்டும். ஓட்டுபவர் என் கணவர். வண்டி எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில், அளவு சரிபார்க்கும் பிரிவில். தலைமுடியைவிட மெல்லிய வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது என் தினப்படி வேலை. அதனாலோ என்னவோ, பெரிய எடைகள் எனக்குப் பிடிபட்டதே இல்லை. வண்டியை வாங்கிய புதிதில், இரும்புத் தகட்டுச் சுருள்கள் ஏற்றிய ஒரு டிரெய்லரை அவர் தூக்கியதைச் சாலையோரத்தில் நின்று பார்த்தேன். ஒரு வீட்டின் வாசல்பக்கத்தை யாரோ கையால் தூக்குவதுபோல அது மெதுவாக எழுந்தது. எனக்கு வாய் திறந்தபடியே இருந்தது. அவர் ஒரு கையால் லீவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி மழையில் ஒரு மதியம் அது நடந்தது. சரக்கோடு நின்றுபோன ஒரு கன்டெய்னர் லாரியை இழுத்துக்கொண்டு ஒரகடம் மேம்பாலத்தில் ஏறி, இறக்கத்தில் வந்துகொண்டிருந்தார். கீழே சாலை இடதுபக்கம் வளையும். ஸ்டீயரிங்கை இடதுபக்கம் திருப்பியிருக்கிறார். முன் சக்கரங்கள் திரும்பின, வண்டி திரும்பவில்லை. நேராகவே போனது. எதிரே தொழிற்சாலை பஸ் ஒன்று, ஷிப்டு முடிந்த பெண்களோடு. நடுத்தடுப்பில் உரசி வண்டி நின்றது. யாருக்கும் அடி இல்லை. பஸ்ஸுக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருந்ததாம்.

வீட்டுக்கு வந்தவர், "ஸ்டீரிங் புடிக்கல மே" என்றார். வண்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் எந்த வண்டியையும் கொக்கி போட்டு இழுக்கவில்லை. மறைமலை நகரிலிருந்து கூப்பிடுவார்கள், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கூப்பிடுவார்கள். "வண்டி வேலைல கீது" என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார். டயர் மாற்றினால் எடுப்பேன் என்றார். ஆனால் பக்கத்துத் தெருக்காரரிடம் கம்பெனி பஸ் ஓட்ட ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்தது என் காதுக்கு வந்தது. இருபது வருஷமாகப் பெரிய வண்டி ஓட்டுகிறவர். வண்டி மேல் இருந்த நம்பிக்கை அவர் கையைவிட்டுப் போயிருந்தது. அது திரும்ப வருமா என்பதுதான் எனக்குக் கவலை. டயர் வாங்குவது அதில் பாதிதான் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

படப்பை ரோட்டில் எங்களுக்குப் பழக்கமான டயர் கடை இருக்கிறது. முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். வாசலில் லாரி டயர்களை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருப்பார். வெயில் ஏறினால் ரப்பர் வாசனை சாலைவரை வரும்.

"ஸ்டீயரிங் புடிக்கலன்னா முன்னாடிக்கு ரெண்டு புதுசு போடுங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் முதலாளி. "பின்னாடிக்கு ரீட்ரேட் போதும். எல்லாவனும் அப்பிடித்தான வாங்கிட்டுப் போறான்."

அது உண்மை. இந்தப் பக்கத்து லாரிக்காரர்கள் எல்லோருடைய வழக்கமும் அதுதான். புது டயர் முதலில் முன்னால் போகும். கொஞ்சம் தேய்ந்ததும் பின்னால் வரும். முழுக்கத் தேய்ந்ததும் மேலே புது ரப்பர் ஒட்டி, ரீட்ரேட் ஆகி, மறுபடி பின்னாலேயே ஓடும். எங்கள் வண்டியின் எட்டுப் பின்சக்கரங்களும் அப்படி வந்தவைதான். முன்னால் இருந்தவற்றில் இன்னும் பாதிக்கு மேல் தேயாத ரப்பர்ப் பட்டை மிச்சம் இருந்தது. அதைக் காட்டினேன்.

"இது நல்லாத்தானே இருக்கு. அப்புறம் ஏன் பிடிக்கல?"

"மழைதான்க்கா" என்றார் கடைக்காரர்.

"முன்னாடி எவ்ளோ வெயிட் வருதுன்னு தெரிஞ்சா, அதுக்கேத்த டயர் பாக்கலாமில்ல?" என்று என் கணவரிடம் கேட்டேன்.

"டயர் வாங்க வந்தியா, மாப்ள பாக்க வந்தியா மே? ஜாதகத்தக் குடு, குலத்தக் குடுன்னு கேட்டுக்கினு கீற" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் வண்டியை எடை பார்க்காமல் டயர் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

வடக்குப்பட்டுப் பக்கம் லாரிகளை எடை போடும் வே பிரிட்ஜ் ஒன்று இருக்கிறது. தரையோடு தரையாக நீளமான இரும்பு மேடை, பக்கத்தில் கண்ணாடி வைத்த சின்ன அறை, அறைக்குள் சிவப்பு எண்கள் ஓடும் பெட்டி. நாங்கள் போனபோது மேடையின் ஒரு முனைக்கு வெளியே வழியை அடைத்தபடி எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர் ஒன்று கியர்பாக்ஸ் போய் நின்றிருந்தது. மேடைக்காரர் எங்கள் வண்டியைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தார்.

"அண்ணாத்த, தெய்வம் மாதிரி வந்தீங்கோ! காலைலேர்ந்து ஒரு வண்டியும் ஏற முடியல. இத்த அந்தாண்ட இழுத்து வுட்ருங்கோ. உங்க வண்டி எடைக்குக் காசே வாணாம்."

"நான் இப்ப இழுக்கறது இல்லபா" என்றார் என் கணவர்.

"பத்தடி நைனா! பத்தடி!"

என் கணவர் என்னைப் பார்த்தார். மேட்டு நிலம் இல்லை, மழை இல்லை, எதிரே பஸ் இல்லை. "தூக்கி நவத்தி வெக்கிறது இழுக்கறதுல சேராது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

டிப்பர் மேடையின் அந்த முனைக்கு வெளியே நின்றதால் அவர் இந்த முனையிலிருந்து ரிவர்ஸில் வர வேண்டியிருந்தது. எங்கள் வண்டி பின்பக்கமாக மேடையில் ஏறிக் கடந்தது. பின்சக்கரங்கள் மறுபுறம் தரையில் இறங்கிவிட்டன. முன் சக்கரங்கள் இரண்டும் இன்னும் மேடைமேல் நின்றன. அவர் இறங்கி இரும்புக் கையை டிப்பரின் அடியில் பொருத்தினார்.

நான் கண்ணாடி அறைக்குள் இருந்தேன். பெட்டியில் எங்கள் வண்டியின் முன்பக்க எடை தெரிந்தது. ஆறு டன்னுக்குக் கொஞ்சம் குறைவு. எழுதிக்கொள்ளலாம் என்று குனிந்தேன். அப்போது வெளியே ஹைட்ராலிக் முனகும் சத்தம் கேட்டது. நிமிர்ந்தால் எண் மாறிக்கொண்டிருந்தது.

குறைந்துகொண்டே இருந்தது. ஐந்தரை. ஐந்து. நான்கரை. வண்டி அங்குலம்கூட நகரவில்லை. யாரும் இறங்கவில்லை, ஏறவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அதே வண்டி, அதே இடத்தில், அசையாமல் நிற்கிறது. உள்ளே எடை மட்டும் ஒழுகிப் போய்க்கொண்டிருந்தது. டிப்பரின் மூக்கு எழ எழ, எங்கள் வண்டியின் மூக்கு லேசாகிக்கொண்டே வந்தது. இரண்டரைக்குப் பக்கத்தில் வந்து எண் நின்றது.

"பெட்டி ரிப்பேரா?" என்று மேடைக்காரரைக் கேட்டேன்.

"போன மாசந்தான் கெவுர்மென்ட்டு ஆளு வந்து முத்திர போட்டுட்டுப் போனாங்கோ" என்றார், கொஞ்சம் கோபமாக.

வெளியே ஓடினேன். முன் சக்கரத்தின் பக்கத்தில் தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தேன். பாரம் தாங்கும் டயர் அடியில் சற்றே பிதுங்கி, வயிறு வைத்து உட்கார்ந்திருக்கும். எங்கள் முன் டயருக்கு அந்த வயிறே இல்லை. உருண்டையாக, காற்றடித்துக் கடையில் மாட்டி வைத்ததுபோல நின்றது. தரையைத் தொட்டுக்கொண்டிருந்த இடம் என் இரண்டு உள்ளங்கை அளவுதான். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே எட்டு டயர்களும் பிதுங்கிக் கிடந்தன. வழுவழுப்பாகிப்போன எட்டு ரீட்ரேட் டயர்கள். முன்னாலிருந்து கழன்ற எடையும் டிப்பரின் மூக்கு எடையும் அவற்றின் தலைமேல் இருந்தன.

திரும்பி முன்பக்கம் வந்து அந்த இரும்பு மேடையில் மறுபடி முழங்காலிட்டேன். தொழிற்சாலையில் எத்தனையோ அளவுகள் எடுத்திருக்கிறேன். இத்தனை பெரிய ஒன்று, இவ்வளவு அமைதியாக, கண்ணெதிரே இடம் மாறியதை அதற்குமுன் பார்த்ததில்லை. சீசா பலகையின் மறுமுனைபோல, பின்னால் தொங்கிய பாரம் தூக்குகிற வண்டியையே தூக்கிக்கொண்டிருந்தது. இந்தப் பாதி பாரமற்ற மூக்கைத் திருப்பிக்கொண்டுதான் அவர் இத்தனை வருஷம் மழையிலும் மேம்பாலத்திலும் போய் வந்திருக்கிறார்.

"இன்னாமே, காசு எதுனா வுழுந்துச்சா?" என்று கேட்டபடி வந்தார்.

"இங்க உக்காருங்க. டயரப் பாருங்க."

குனிந்து பார்த்தார். பின்னால் போய்ப் பார்த்தார். பிறகு அவரே லீவரைப் பிடித்து டிப்பரை இறக்கினார். கண்ணாடி அறைக்குள் சிவப்பு எண் ஏறியது. மறுபடி தூக்கினார், எண் இறங்கியது. மூன்று தடவை செய்து பார்த்தார். "யம்மா..." என்றார். "கம்மியா தூக்கினா?" என்று கேட்டு, டிப்பரின் சக்கரம் தரையை விட்டு ஒரு சாண் மட்டும் எழும்படி தூக்கி நிறுத்தினார். பெரிதாக வித்தியாசம் இல்லை. இரும்புக் கையின் நீளத்தை உள்ளே இழுத்து டிப்பரைக் கிட்டே கொண்டுவந்து தூக்கினார். இந்த முறை எண் முன்புபோல அவ்வளவு கீழே போகவில்லை.

"நைனா, பத்தடின்னு சொன்னேன். நீ இன்னாடான்னா ஊஞ்சல் ஆட்டிக்கினு கீற" என்றார் மேடைக்காரர்.

என் கணவர் காதில் அது விழவில்லை. "பிரேக் புடிக்கறதும் பின்னாடிதான மே" என்றார் என்னிடம். "எறக்கத்துல பிரேக் அடிச்சேன். வெயிட் இருக்கற எடத்துல டயரு வழுக்கிச்சு. பின்னாடி வந்த கன்டெய்னர் நெட்டிச்சு. முன்னாடி கனமே இல்ல. எப்டித் திரும்பும்?" அந்த மேம்பாலத்தைப் பற்றி அவர் விவரமாகப் பேசியது அப்போதுதான். பிறகு டிப்பரை மேடைப் பக்கத்திலிருந்து ஒதுக்கி நிறுத்தினார்.

டயர் கடையில் எங்கள் முடிவைச் சொன்னபோது முதலாளி நம்பவில்லை. "பின்னாடிக்கு எட்டும் புதுசு, முன்னாடிக்குப் பழசா? தலைகீழா சொல்லுதிய."

"தலைகீழாத்தான் நிக்குது வண்டி" என்றார் என் கணவர்.

நீளவாக்கில் கோடு ஓடும் டயர்களை ஒதுக்கினோம். குறுக்கே ஆழமாக வெட்டு விழுந்த, தண்ணீரை வெளியே தள்ளும் பட்டை உள்ளவற்றைக் கேட்டோம். ஜோடியாக ஓடும் இரண்டு டயர்களில் ஒன்று கொஞ்சம் பெரியதாக இருந்தாலும் பாரம் முழுக்க அதன்மேல் விழும். ஆகவே எட்டையும் நிறுத்தி வைத்து, சுற்றளவை டேப் போட்டுப் பார்த்து ஜோடி சேர்த்தேன். ஒன்று மட்டும் எதனோடும் ஒத்துவரவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்தேன். "ஜாதகம் பொருந்தலையோ?" என்றார் முதலாளி. ஆனால் வேறொன்றை உள்ளேயிருந்து எடுத்து வந்து கொடுத்தார். சாலைக்கு அந்தப்புறம் புது டயர்களை ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. டயர் தொழிற்சாலைகள் உள்ள இந்த ஊர்களில் டயர் ஒரு அதிசயமா என்று யாரும் கேட்பார்கள். அன்று எனக்கு அப்படித்தான் இருந்தது. காற்றும் ரப்பரும்தான். அதன் மேல் ஒரு நோட்டுப் புத்தக அளவு இடத்தில் மலை மாதிரி எடை உட்கார்ந்து கொள்கிறது.

மூக்குக்குக் கனம் சேர, முன் பம்பருக்குப் பின்னால் கனமான இரும்புக் கட்டை ஒன்றையும் வெல்டிங் வைத்தோம்.

அடுத்த மழை நாளில் போன் வந்தது. சரக்கோடு ஒரு டிரெய்லர் தாம்பரம் போகும் வழியில் நின்றுவிட்டது. மேம்பாலத்தைக் கடந்து இந்தப்பக்கம் கொண்டுவர வேண்டும். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று மழையைப் பார்த்தார். நானும் வருகிறேன் என்றேன். எனக்காக இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

இரும்புக் கையை முடிந்தவரை உள்ளே இழுத்து, டிரெய்லரின் முன் சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பும் அளவுக்கு மட்டும் தூக்கினார். மேம்பாலத்தில் மெதுவாக ஏறினோம். உச்சியில் வண்டியை ஊர்ந்துபோகும் வேகத்துக்குக் கொண்டுவந்தார். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். வானத்தை மறைத்துக்கொண்டு டிரெய்லர் வந்தது, எங்கள் பின் சக்கரங்களுக்கு அடியிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் இறக்கை மாதிரி பிதுங்கி வழிந்தது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தார். அத்தனை எடையும் எங்களை நெட்டும் என்று காத்திருந்தேன். நெட்டவில்லை. பின்னால் எட்டு இடங்களில் ஏதோ தரையைப் பிடித்துக்கொண்டதை உட்கார்ந்திருந்த சீட்டின் வழியாகவே உணர முடிந்தது.

வளைவு வந்தது. ஸ்டீயரிங்கை இடதுபக்கம் திருப்பினார். மூக்கு திரும்பியது.

அந்த நேரம் பார்த்து ஒரு ஷேர் ஆட்டோ எங்களை இடப்பக்கமாக முந்தி முன்னால் நுழைந்தது. அவர் ஒரு கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். "டேய் சாவுகிராக்கி! பின்னாடி இன்னா வருதுன்னு பாத்தியாடா? வூட்ல சொல்ட்டு வந்தியா?"

ஆட்டோக்காரர் திரும்பி ஏதோ பதில் சொன்னார். இவர் இன்னும் சத்தமாக ஒன்று சொன்னார். மழையில் அது ஆட்டோக்காரருக்குக் கேட்டிருக்காது. ஒற்றைக் கையாலேயே வண்டியை வளைத்துச் சமசாலைக்குக் கொண்டுவந்தார்.