பிங்கி படுத்த இடத்தில் ஈரம்

போன மாதம் எங்கள் வீட்டு ஹாலில் ஊற்று கிளம்பியது.

சிரிக்காதீர்கள். பையன் மஸ்கட்டில் சம்பாதித்து அனுப்பியதில் போட்ட மார்பிள் தரை. அதில் தினமும் காலையில், சோபாவுக்குப் பக்கத்தில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம்! ஃபிரிட்ஜ் ஒழுகுகிறதா? அது இருப்பது சமையலறையில். கூரையா? மழையே இல்லையே... எனக்குத் தலை சுற்றியது.

ஆற்றில் தண்ணீர் வந்து பத்து நாள். தெருக்கோடி வாய்க்கால் நிறைந்து ஓடுகிறது. எங்கள் பக்கத்தில் வாய்க்கால் நிறைந்தால் சில வீடுகளில் தரை கசியும். அதுதான் என்று முடிவு கட்டி, வீடு கட்டிய கொத்தனார் கலியமூர்த்தியைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"என் புள்ளைங்க மேல சத்தியமா வேலையில குறை இல்ல சார்" என்று பதறியவர், மறுநாள் உளியும் சுத்தியலுமாக வந்தார். நாலு கல்லைப் பெயர்த்துப் பார்ப்பதாக ஏற்பாடு. உளியை வைக்கக் குனிந்தவர் மோந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"சார், இது நாய் மூத்திரம்."

பிங்கியா! பையன் கருத்தடை ஆபரேஷன் செய்து எங்களிடம் விட்டுப்போன பெண் நாய். எட்டு வயது. அவசரம் என்றால் வாசல் கதவருகே நின்று குரைக்கும் சமர்த்து. அது ஏன் இப்படி? கொழுப்பா? பையனை நினைத்து ஏக்கமா? அவன் போய் நாலு வருடமாகிறது, இப்போதா ஏங்கும்?

ஒன்றும் புரியவில்லை. புரியாதபோது எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன் — பேப்பரைச் சுருட்டி நாலு போட்டேன். சாயங்காலமே தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்தேன். ஈரம் நிற்கவில்லை. பிங்கியோ எழுந்ததும் அதை மோந்துவிட்டு, 'இது யார் வேலை?' என்பதுபோல என்னையே பார்க்கும். கோபம் இன்னும் ஏறும்.

வீண்பழி சுமந்த கலியமூர்த்தி ஒரு வழி சொன்னார். "சாக்குல போட்டு மொபெட்ல எடுத்துட்டுப் போயி, கொள்ளிடத்துக்கு அந்தாண்ட விட்டுடறேன் சார். ஆத்தைத் தாண்டிட்டா திரும்பி வராது."

சரி என்று சொல்லிவிட்டேன். மறைப்பானேன்?

என் மனைவிதான் குறுக்கே வந்து நின்றாள். "டாக்டர்கிட்ட காட்டாம அனுப்பினீங்கன்னா, நானும் அது கூடவே போயிடுவேன்."

முப்பது வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. ஒரு நாய்க்காக இத்தனை ரோஷமா?

ஆட்டோ பிடித்து டவுனில் கால்நடை டாக்டரம்மாவிடம் போனோம். சின்னப் பெண்.

"முழிச்சிருக்கும்போது போகுதா, தூங்கும்போதா?" என்று கேட்டார்.

"படுத்து எழுந்த இடத்துலதான் ஈரம்" என்றாள் மனைவி.

"அப்ப அதுக்கே தெரியாம கசியுது. கருத்தடை ஆபரேஷன் ஆன பெண் நாய்ங்க சிலதுக்கு, வயசாகும்போது மூத்திரப்பையோட வாய் தளர்ந்துடும். அடிச்சீங்களா சார்?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"தண்ணியைக் குறைக்கவே கூடாது. முதல்ல மூத்திரத்தை டெஸ்ட் பண்ணுவோம். கிருமி, சர்க்கரை இல்லைன்னா மாத்திரை தரேன். பெரும்பாலும் கட்டுப்பட்டுடும்."

டெஸ்டுக்காகக் குழம்புக் கரண்டியோடு பிங்கி பின்னால் தெருத்தெருவாக அலைந்தேன். கேட்காதபோது மார்பிளை நனைத்த மகராசி, கேட்டபோது ஒரு சொட்டு தரவேண்டுமே! ஒருவழியாகக் கிடைத்தது. கிருமியும் இல்லை, சர்க்கரையும் இல்லை.

இரண்டாம் முறை போனபோது மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன். மனைவி எழவில்லை. புடவைத் தலைப்பைத் திருகியபடி மெதுவாகக் கேட்டாள்.

"இதே மாதிரி கசிஞ்சா... மனுசங்களுக்கும் வைத்தியம் இருக்காம்மா?"

இரண்டு வருடமாகக் கல்யாணம், காதுகுத்து என்று எதற்கும் பஸ் ஏற மாட்டேன் என்கிறாள். நாகப்பட்டினத்தில் இருக்கும் சொந்தத் தங்கை வீட்டுக்குக்கூட வரவில்லை. 'வயசாக ஆக உனக்குத் திமிர்' என்று சொன்ன பாவி நான்.

"இருக்கும்மா, வெட்கப்படாம போங்க" என்று ஒரு பெண் டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார் அந்தப் பெண்.

ஆட்டோவில் வரும்போது கேட்டேன். "ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க என்னிக்குக் கேட்டீங்க?"

ஊரையெல்லாம் விசாரித்து வாராவாரம் பத்திரிகையில் பத்தி எழுதுகிறேனாம் நான்!