மூக்கைச் சுளிக்காதவள்

இஸ்திரி போட்டுப் பிழைக்கிறவள் அவள். ஐந்து மாதப் பிள்ளைக்குத் தாய்ப்பால் வற்றியதும் கடையில் விற்கும் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தாள். வந்தது வினை. வாந்தி, உடம்பெல்லாம் தடிப்பு, மலத்தில் ரத்தக் கோடு. பசும்பால் ஒத்துக்கொள்ளவில்லை, ஆட்டுப்பாலும் ஆகாது என்று சொல்லி, டாக்டரம்மா அதற்கென்றே உள்ள வேறொரு மாவை எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கில் குழாய் போட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

அந்த மாவின் நாற்றம் குடலைப் பிடுங்கியது. புட்டியோடு அவள் கிட்டே போனாலே பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு வீரிட்டது.

ஆனால் ஓரகத்தி மடியில் படுத்தால் மட்டும் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தது. ஓரகத்தி, புருஷனின் அண்ணன் பெண்டாட்டி, அதே வீட்டில்தான் இருந்தாள்; ஒரு விடுதியில் சமையல்காரி. வேலைக்குப் போகுமுன் ஒரு புட்டி, திரும்பி வந்து ஒரு புட்டி. அவள் வீட்டுக்காரர், "அண்ணி கை ராசி" என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டார். பத்து மாதம் சுமந்தவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவள் இன்னொருத்தியா? இஸ்திரிப் பெட்டியைவிட அவள் வயிறு அதிகம் எரிந்தது. ஓரகத்தியின் துணியை மட்டும் இஸ்திரி போடாமல் கசங்கலோடு அப்படியே திருப்பிக் கொடுத்தாள்.

ஒருநாள் காலையில் அடுப்பிலிருந்து கருகல் வாடை வாசல்வரை வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஓரகத்தி நிம்மதியாகப் பால் புகட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, ஊரே நாறுது, உங்க மூக்குல ஏறலையா?"

ஓரகத்தி எழுந்து அடுப்பை அணைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஏறாதுடி. ஊரையே அடைச்சுப் போட்டுச்சே, அந்தக் காய்ச்சல் வந்ததுலேர்ந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியாது. வெளிய சொல்லிடாத. சமையல்காரிக்கு மூக்கு இல்லன்னா யார் வேலை குடுப்பா?" பிறகு புட்டியைப் பார்த்தாள். "இது அவ்வளவு நாறுமா?"

"குப்பத்தொட்டி தோத்துப்போகும்."

"அதான் சேதி. நீ புட்டியத் தூக்குறப்பவே உன் முகம் போற கோணல், நானே பயந்திருக்கேன். அது பச்சப்புள்ள."

ஓரகத்தியின் அந்தப் போன மூக்கின் மேலும் அவளுக்கு ஒரு நொடி பொறாமை வந்தது. ஆண்டவனே, மன்னிச்சுக்கோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

கருகல் வாடை பிடித்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அந்த மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை போதும், கை ராசி காற்றில் பறந்துவிடும். அவள் ஓரகத்தியைப் பார்த்தாள், பிறகு வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் அடுப்ப மறந்துட்டேன்" என்றாள்.

மாலையில் கொடியிலிருந்து துணிக் கிளிப் ஒன்றை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு புட்டியோடு உட்கார்ந்தாள். வலியில் கண் கலங்கியது. சிரித்த முகத்தை மட்டும் மாற்றவில்லை. பிள்ளை அந்தக் கிளிப்பையே வெறித்துப் பார்த்தபடி பாதிப் புட்டி குடித்தது. பிறகு கழுத்தைத் திருப்பிப் பெரியம்மாவைத் தேடியது.

"இங்க பாருடா" என்றாள் அவள், மூக்கடைத்த குரலில். மீதிப் பாதியை அவள் யாருக்கும் விடுவதாக இல்லை.