மூடியக்காவின் நாற்பது நிமிடம்

ஆய்வுக்கூடத்தில் அவளை மூடியக்கா என்பார்கள். பிளாஸ்டிக் டப்பா மூடியின் உட்புறம் ஈரப் பஞ்சு ஒட்டி, கரைசல் காயாதிருக்கக் கெட்டித்தன்மை அளக்கும் கருவிக்குத் தொப்பி போட்டவள் அவள்தான். குடுவை கழுவ வந்து பத்தொன்பது வருஷம். இப்போது கருவியை அவள்தான் ஓட்டுகிறாள்.

தேனைவிடக் கெட்டியான பாலிமர் கரைசலில் ஒரு துளியை இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து, ஒரு தட்டைச் சுழற்றி, கரைசல் எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று அளக்க வேண்டும். தொடங்கியதும் திரையில் கோடு விறுவிறுவென்று ஏறும். உச்சி தொட்டு இறங்கி, சமமாக ஓடும்.

"பசையைச் சுத்திவிட்டு வேடிக்கை பாக்கச் சம்பளமா?" என்பார் வீட்டுக்காரர்.

"உங்களைச் சுத்திவிட்டா அதுவும் தேறாது."

அன்று பேராசிரியர் தானே ஓட்டிப் பார்த்தார். உச்சி எண்ணூற்று நாற்பது; இறங்கிச் சமமாக ஓடியது முந்நூற்றுப் பத்தில். உடனே மறுபடி ஓட்டினார். உச்சி ஐந்நூறைத் தாண்டவில்லை.

"மோட்டார் போச்சு. மூணு மாசமா எடுத்த அளவையெல்லாம் தூக்கிப் போட வேண்டியதுதான்." பக்கத்து அறையிலிருந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

அத்தனையும் அவள் எடுத்தது.

"நடுவுல எவ்வளவு நேரம் விட்டீங்க சார்?"

"எதுக்கு விடணும்?"

"சுத்தினதுல உள்ளே நூல் மாதிரி இருக்கிற பாலிமர் சங்கிலியெல்லாம் பிரிஞ்சு கிடக்கும். திரும்பப் பின்னிக்க வேணாமா? நான் நாப்பது நிமிஷம் விடுவேன்."

"நோட்டுல எழுதலையே?"

"கை கழுவுறதை எழுதுவாங்களா சார்?"

மெக்கானிக் சிரித்துவிட்டான். பேராசிரியர் சிரிக்கவில்லை. "அவ்வளவு நேரம் விட்டா ஓரம் காஞ்சு கெட்டியாகும். அதுல உச்சி ஏறும்."

"காஞ்சா, கடைசியில சமமா ஓடுறதும் சேர்ந்து ஏறணுமே. அது முந்நூத்திப் பத்துலயே நின்னா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பஞ்சில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மூடினாள். கரைசல் ஆடக் கூடாதென்று, மேஜையில் சாய வந்த மெக்கானிக்கைக் கண்ணாலேயே விரட்டினாள். நாற்பதாவது நிமிடம் பொத்தானை அழுத்தினாள்.

கோடு ஏறியது. அறுநூறு. எழுநூறு. மூவரும் ஒரே திரைமேல் குனிந்திருந்தார்கள். எண்ணூற்று முப்பத்தெட்டு. பிறகு இறங்கி, முந்நூற்றுப் பத்தில் சமமாக ஓடியது.

பேராசிரியர் நோட்டை அவள் பக்கம் தள்ளினார். "நாப்பது நிமிஷம்னு எழுதுங்கக்கா. மூணு மாசத்துக்கும் எழுதுங்க."

"அப்போ நான் கிளம்பட்டுமா?" என்றான் மெக்கானிக்.

"இருப்பா. இருபது நிமிஷம் விட்டா எவ்வளவு ஏறுதுன்னு பாத்துட்டுப் போ" என்றார் பேராசிரியர்.

அவள் ஏற்கெனவே அடுத்த ஓட்டத்துக்குக் கருவியை மூடிவிட்டிருந்தாள்.