மூடியாச்சா?

என் வேலைப் பையில் ஒரு கருப்புக் கம்பளி இருக்கிறது. நான்கு மூலையிலும் கயிறு வைத்துத் தைத்தது, ஓரமெல்லாம் வெளுத்துப்போனது. சோலார் பேனலை மூட இப்போது நல்ல உறைகள் வந்துவிட்டன. இதைத் தூக்கிப் போடுங்கள் என்று உடன் வேலை செய்பவர்கள் கேலி செய்கிறார்கள். போட மனம் வரவில்லை. பயம் என்றே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் முத்தியால்பேட்டையில் பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தேன். "டாக்டர், டீச்சர விட்டா ஒலகத்துல வேற வேலையே இல்லியாடி?" என்று கேட்டு, அறிவியல் மிஸ் எங்களில் பன்னிரண்டு பேரைத் தட்டாஞ்சாவடிக்கு அழைத்துப் போனார். சோலார் பம்பு செய்யும் சின்னப் பட்டறை அது. சூப்பர்வைசர் ஐம்பது வயதுக்காரர், அதிகம் பேசாதவர். ஐடிஐ படித்தால் என்ன வேலை, டிப்ளமோ படித்தால் என்ன வேலை என்று ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தார். மொட்டை மாடிக்கு ஏறியதும் அவர் குரல் மாறிவிட்டது. "ஃபேனுக்கு மாதிரி இதுக்கு சுவிட்ச் கெடையாதும்மா. வெயில் இருக்கிறவரைக்கும் உசுரோடதான் இருக்கும். மூடினாதான் தூங்கும்."

இரண்டு வரிசைப் பேனல்கள், மேலே கம்பளிகள். வயரைக் கழற்றிப் பார்க்க யார் வருகிறீர்கள் என்றதும் வாயாடியான நான் முந்திக்கொண்டேன். அவர் பின்வரிசைப் பக்கம் திரும்பி, "மூடியாச்சா?" என்று குரல் கொடுத்தார். பதில் இல்லை. "நானே பாத்தேன் சார், மூடித்தான் இருக்கு" என்று கையை நீட்டினேன். நான் பார்த்தது முன்வரிசையை மட்டும். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பதில் வரணும்."

உச்சி வெயில். சாப்பாட்டு நேரம் என்பதால் கீழே மெஷின் சத்தம்கூட இல்லை. எவ்வளவு நேரம் நின்றோமோ, பின்வரிசைக்கு அப்பாலிருந்து ஓர் ஆண் குரல், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னது: "இன்னும் மூடல."

போய்ப் பார்த்தோம். ஒரு கம்பளியின் கயிறு அவிழ்ந்து, பேனல் பாதி திறந்து கிடந்தது. ஆள் யாரும் இல்லை. அதற்கப்பால் முழங்கால் உயரக் கைப்பிடிச் சுவர்தான், அதன் கீழே தெரு. மூட வேண்டிய ஹெல்பர் டீத் தூக்கோடு அப்போதுதான் படியேறி வந்துகொண்டிருந்தார்.

சூப்பர்வைசர் திடுக்கிடவில்லை. "ஒனக்கும் கேட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். பிறகு அவரே சொன்னார். இதே மாடியில் அவரோடு வேலை பார்த்த கூட்டாளி ஒருநாள் வயரைப் பிடிக்குமுன் "மூடியாச்சா?" என்று கேட்டிருக்கிறார். பின்வரிசையில் நின்ற இவர் வேறு நினைப்பில் "மூடியாச்சு" என்றிருக்கிறார். ஷாக் அடித்த வேகத்தில் அந்த மனிதர் சுவரைத் தாண்டித் தெருவில் விழுந்து செத்துப்போனார். "அன்னிக்கு நான் பாக்காம சொல்லிட்டேன்மா. அவன் பாத்துட்டுத்தான் சொல்றான்."

பதினோரு பேர் அன்றே இந்த வேலைக்குக் கும்பிடு போட்டுவிட்டார்கள். எனக்கும் பயம்தான். ஆனாலும் என் உயிரைக் காப்பாற்றிய குரலுக்கு முதுகைக் காட்டிவிட்டுப் போக முடியவில்லை. டிப்ளமோ முடித்து அதே பட்டறையில் அவருக்குக் கீழே சேர்ந்தேன். ஓய்வு பெற்ற அன்று இந்தக் கம்பளியை என் கையில் கொடுத்தார். போன வருஷம் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சென்ற வாரம் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலை மாடி. இந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்க்கப் பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். "மூடியாச்சா?" என்று கேட்டேன். "ஆச்சு மேடம்!" என்று ஹெல்பர் பையன் பின்னாலிருந்து உடனே கத்தினான். கையை நீட்டினேன். முன்னால் நின்ற ஒரு பெண் முகத்தைச் சுருக்கினாள்.

"மேடம், இன்னொருத்தர் மூடலன்னு சொல்றாரே?"

"யாரு?"

"தெரியல மேடம். வயசானவர் கொரலு."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, பையிலிருந்த கம்பளியை எடுத்துப் பின்வரிசைக்கு நடந்தேன். கடைசிப் பேனல் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தது.