உள்ள லேடீஸ் இருக்காங்க

வலது கையில் மஞ்சள் கொடி, இடது கையில் கறுப்புக் குடை. ஞாயிறு காலைப் பத்து மணி வெயிலில் முனிகிருஷ்ணன் கால்பந்து மைதானத்தின் கோட்டோரமாக ஓடுகிறார். பந்து போகும் பக்கமெல்லாம் குடையும் போகிறது. முழுக்கைச் சட்டை, கழுத்தைச் சுற்றித் துண்டு, மூக்கில் அப்பிய வெள்ளைக் களிம்பு. "சார், மழையா?" என்று கத்துகிறான் ஓர் ஆட்டக்காரன். "உன் தலையில இடி! ஆஃப்சைடுடா!" என்று கொடியைத் தூக்குகிறார் லைன்ஸ்மேன். எங்கள் ஜோகுபாளையத்தில் ஆட்டம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் இவரைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரனான நானும் அந்தப் பாதியில் ஒருவன்.

மற்ற ஆறு நாளும் தொழிற்சாலையில் ஃபிட்டர். தொண்ணூற்று இரண்டில் இரண்டு சிறுநீரகமும் படுத்துவிட, மனைவி காந்தா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். ஆறு வருடம் ஆகிறது. இன்றுவரை அதை இவர் "என் கிட்னி" என்று சொல்லி நான் கேட்டதில்லை. பஸ்ஸில் நெரிசல் என்றால் அடிவயிற்றை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, "ஸ்வல்ப தள்ளிக்கோ குரு, உள்ள லேடீஸ் இருக்காங்க" என்பார்.

அந்த லேடீஸை வெளியாள் என்று உடம்பு விரட்டிவிடாமல் இருக்கத் தினமும் மாத்திரை. மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிறது. அந்தச் சந்தடி சாக்கில் கைகளில் மரு முளைத்தது. முதலில் ஒன்று, பிறகு ஒன்பது. இவர் டாக்டரிடம் மூச்சு விடவில்லை. மாரியம்மன் கோயிலில் உப்பும் மிளகும் போட்டுவிட்டு, உப்பு கரைவதுபோல மருவும் கரையும் என்று ஐந்து மாதம் காத்திருந்தார். புறங்கையில் இருந்த ஒன்று மட்டும் தடித்துப் புண்ணாகிக் கசிய ஆரம்பித்தது. தோல் புற்றுநோய் என்று தெரிந்து வெட்டி எடுத்தார்கள். காந்தா மூன்று நாள் அவரோடு பேசவில்லை. "அம்மன் மேல தப்பில்ல சார். அவங்க டிபார்ட்மெண்ட் வேற" என்கிறார் முனிகிருஷ்ணன்.

மருவை உண்டாக்குவது ஒரு வைரஸ். டாக்டர் விளக்கியதை இவர் மைதானத்துப் பாஷைக்கு மாற்றி, கேட்டவர் கேட்காதவர் எல்லோருக்கும் சொல்கிறார். "இது எல்லார் தோல்லயும் சும்மா சுத்துற பார்ட்டிதான். என் விஷயத்துல கோல்கீப்பர நாமளே மாத்திரை குடுத்துத் தூங்க வச்சிட்டோம். வெயில் பாஸ் குடுக்குது, வைரஸ் உள்ள தள்ளுது. ஆனா கோல் போட்டது அதுதான்னு டாக்டரே இன்னும் அடிச்சு சொல்லல. டவுட்டு, அவ்ளோதான்." நம் நிறத்துக்காரர்களுக்கு இந்தத் தோல் புற்று அபூர்வம் என்று டாக்டர் சொன்னதில் பெருமை வேறு. "வெள்ளைக்காரன் வியாதி சார். சக்கத்தா, சூப்பரா இல்ல?"

போன மாதம் காதோரம் இன்னொன்று. இந்த முறை அன்றைக்கே ஓடினார். அதையும் வெட்டி எடுத்த டாக்டர், மாத்திரையைக் குறைத்தால் தோலுக்கு நல்லது, ஆனால் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடும் ஆபத்தும் உண்டு என்றார். முனிகிருஷ்ணன் சிரிக்காமல் உட்கார்ந்திருந்ததை அன்று மாலைதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"தோலு போனா என்னோடது சார். இது போனா அவ குடுத்தது."

"குடுத்தவளுக்கே பயமில்ல, உங்களுக்கு என்னங்க பேஜாரு? டாக்டர் சொன்னபடி குறைங்க" என்றார் காந்தா. குறைத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து இரத்தச் சோதனை முடிவு வாங்க நானும் கூடப் போனேன். கவரைப் பிரிக்க அவருக்குக் கை வரவில்லை. காந்தாதான் பிரித்துப் பார்த்தார். கிரியேட்டினின் ஒன்று புள்ளி இரண்டு, முன்பு இருந்த அதே அளவு. சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது.

எதிரே இருந்த ஹோட்டலில் எனக்கு ஒரு டீ சொன்னார் முனிகிருஷ்ணன். அவர்களுக்கு வழக்கம்போல 'பை டூ', ஒரு காபி இரண்டு டம்ளரில். டம்ளர்களை மேஜையில் ஒட்டி வைத்து, குனிந்து அளவு பார்த்தார். சரிசமமாகத்தான் இருந்தது. தன் டம்ளரிலிருந்து கொஞ்சம் மற்றதில் சாய்த்து ஊற்றி, தளும்பத் தளும்ப இருந்ததைக் காந்தாவின் பக்கம் நகர்த்தி வைத்தார்.